நிமிடத்துக்கு 15 சுற்றில் ஓடும் காற்றாலைச் சுழலியில் 0.75 ஹெர்ட்ஸ் மின்திறன் அலைவு

உங்கள் காற்றாலை மாதிரியில் மின்திறன் நொடிக்கு 0.75 முறை (0.75 ஹெர்ட்ஸ்) ஏறி இறங்குவதை எப்படி அடக்குவது என்று கேட்டிருந்தீர்கள். பிட்ச் கட்டுப்பாட்டின், அதாவது இறக்கைகளின் கோணத்தைத் திருப்பி வேகத்தைச் சீராக்கும் அமைப்பின், பெருக்கத்தை (அது எவ்வளவு வலுவாகத் திருத்துகிறது என்ற அளவை) இனியும் உயர்த்தாதீர்கள். ஜெனரேட்டரின் முறுக்குவிசையை மாறாமல் வைப்பதற்குப் பதில், அதைச் சுழல்வேகத்துக்கு எதிர்விகிதத்தில் அமைத்தால், இந்த மின்திறன் அலைவு பெருமளவு அடங்கி, அந்த ஏற்ற இறக்கத்தைச் சுழலியின் சடத்துவமே ஏற்றுக்கொள்ளும்.

உங்கள் சென்னை ஆய்வக மாதிரியில் சுழலி நிமிடத்துக்கு 15 சுற்றுகள், அதாவது நொடிக்கு 0.25 சுற்று ஓடுகிறது. மூன்று இறக்கைகளும் அடுத்தடுத்துக் கோபுரத்தின் முன்னே கடக்கும்போது ஒவ்வொரு முறையும் முறுக்குவிசை சற்றுக் குறைவதே காரணமாக இருக்கக்கூடும்: 0.25-ஐ மூன்றால் பெருக்கினால் அதே 0.75 ஹெர்ட்ஸ் வருகிறது.

சரிபார்க்க, இலக்கு வேகத்தை நிமிடத்துக்கு 12 சுற்றாக்கி, மின்திறனில் எந்தெந்த அதிர்வெண்கள் உள்ளன என்று காட்டும் ஃபூரியர் பகுப்பாய்வைச் செய்யுங்கள். 0.75 ஹெர்ட்ஸில் உள்ள உச்சம் 0.6 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்தால் காரணம் இறக்கைகள் கடப்பதே. நகராவிட்டால் கட்டமைப்பின் இயல் அதிர்வெண்ணை, அதாவது அது தானாகவே அதிரும் அதிர்வெண்ணை, தேடுங்கள்.

முறுக்குவிசையை இப்படி எதிர்விகிதத்தில் அமைப்பது வேகக் கட்டுப்பாட்டின் தணிப்பை, அதாவது வேக ஊசலாட்டத்தை அடக்கும் தன்மையை, குறைக்கும். ஆகவே, காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலின் தென்மேற்குப் பருவக் காற்றைப் போல் திடீர் வீச்சுகள் நிறைந்த காற்றில் சுழலி மிகைவேகத்தை எட்டுகிறதா என்று பார்த்த பிறகே முடிவை எழுதுங்கள்.