1500 ஆர்பிஎம் என்றால் 25 ஹெர்ட்ஸா, 50 ஹெர்ட்ஸா?

நிமிடத்துக்கு 1500 சுற்றை ஹெர்ட்ஸுக்கு, அதாவது வினாடிக்கு எத்தனை முறை என்ற அளவுக்கு, மாற்றினால் 25 வருகிறது, மோட்டாரின் பெயர்ப்பலகையிலோ 50 என்று இருக்கிறது, எது தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரி. நீங்கள் 60 ஆல் வகுத்தது முறையான கணக்குதான். 25 என்பது தண்டு சுழலும் வேகம், 50 என்பது மின்சாரத்தின் அதிர்வெண். உங்களுடையது நான்கு துருவ மோட்டார், அதாவது அதன் சுருள்கள் நான்கு காந்தத் துருவங்களை உருவாக்குகின்றன. அதில் மின்னோட்டம் இரண்டு முழு அலைகளை முடிக்கும்போதுதான் காந்தப்புலம் ஒரு சுற்றை முடிக்கிறது. தூண்டல் மோட்டார் என்றால் பளு ஏறியதும் வேகம் 1440 அளவுக்கு இறங்கலாம். அதுவும் கோளாறு அல்ல.

அடுத்துத் திறனிலிருந்து முறுக்குவிசையைக் கணக்கிடுவதானால், தயவுசெய்து 25 ஐ அப்படியே போடாதீர்கள். ஒரு முழுச் சுற்று என்பது கோண அளவில் 6.28 ரேடியன் என்பதால், 6.28 ஆல் பெருக்கி, வினாடிக்கு 157 ரேடியன் என்று போடுங்கள். இல்லாவிட்டால் விடை ஆறு மடங்குக்கு மேல் பெரிதாக வரும்.