கிட் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் பெயர்ப் பட்டியலைப் பிரியுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் நியூ ஜெர்சி எடிசனில் சிறிய மளிகை மொத்த வியாபாரக் கிடங்கு நடத்துகிறேன். மொத்தம் 14 பேர். மூன்று பேர் லாரி ஓட்டுகிறார்கள், ஐந்து பேர் ஃபோர்க்லிஃப்ட், மூன்று பேர் அலுவலகம். ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டெப்போவில் இரண்டு பேர். அங்கே இன்னும் ஒருவரை எடுக்கப் போகிறேன். நியூயார்க் குயீன்ஸில் ஒரு சேல்ஸ்மேன், வீட்டிலிருந்தே வேலை. போன மாதம் ஒரு ஃபோர்க்லிஃப்ட் ரேக்கில் இடித்துவிட்டது. எல்லோருக்கும் போதைப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறார் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஆன்லைனில் பத்து வகை போதைப்பொருள் பார்க்கும் கிட் ஒரு பெட்டி வாங்கிவிட்டேன். டல்லாஸ் நண்பரின் கம்பெனியில் எழுதிய போதைப் பரிசோதனைப் பாலிசி கையில் இருக்கிறது. திங்கட்கிழமை ஆரம்பிக்கலாமா?

பதில்: திங்கட்கிழமை வேண்டாம். பெட்டி அப்படியே இருக்கட்டும்.

டல்லாஸ் பாலிசியை முதலில் ஓரமாக வையுங்கள். தனியார் முதலாளிக்கு, டல்லாஸ் இருக்கும் டெக்சாஸில் இந்த விஷயத்தில் கட்டுப்பாடு மிகக் குறைவு. அங்கே எழுதியதை எடிசனில் ஒட்டினால், முதல் பக்கத்திலேயே நியூ ஜெர்சி சட்டத்தோடு இடிக்கும். கம்பெனி எங்கே பதிவாகியிருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். ஆள் எங்கே நின்று வேலை செய்கிறார், என்ன ஓட்டுகிறார் என்பதை வைத்துத்தான் விதி வரும். அதனால் ஒரு தாளை எடுத்து 14 பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வேலை செய்யும் மாநிலத்தையும், அந்த வேலைக்கு சிடிஎல் என்ற கனரக வணிக வாகன ஓட்டுநர் உரிமம் தேவையா என்பதையும் குறியுங்கள்.

சிடிஎல் விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சரக்கு லாரியின் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜிவிடபிள்யூஆர், அதாவது வண்டியும் சரக்கும் சேர்த்துத் தயாரிப்பாளர் வகுத்த அதிகபட்ச எடை, 26,001 பவுண்டோ அதற்கு மேலோ என்றால் சிடிஎல் வேண்டும். வாடகைக்கும் குத்தகைக்கும் கிடைக்கும் 26 அடி பெட்டி லாரிகள் பல, இந்த எல்லையைத் தொடாதபடி 26,000 அல்லது 25,999 என்றே வருகின்றன. ஆபத்தான சரக்கு ஏற்றாதவரை அதை ஓட்ட சிடிஎல் தேவையில்லை. மத்திய போக்குவரத்துத் துறையான டிஓடியின் போதைப் பரிசோதனையும் அந்த ஓட்டுநருக்குக் கிடையாது. ஓட்டுநருக்கான உடல்தகுதிச் சான்றான மெடிக்கல் கார்டு வைத்திருக்கிறாரே என்று கேட்பீர்கள். மாநிலம் தாண்டி ஓட்டினால் 10,001 பவுண்டிலிருந்தே அது தேவைப்படும், அது வேறு கணக்கு. ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மூவரும் உண்மையிலேயே சிடிஎல் வேலைதான் செய்கிறார்கள் என்றால், அவர்கள் விஷயத்தில் உங்கள் விருப்பத்துக்கு இடமே இல்லை. மத்திய விதி, கட்டாயம். வேலைக்கு எடுக்கும் முன் டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ் என்ற முடிவு வந்த பிறகுதான் ஸ்டீயரிங்கைத் தொட விட வேண்டும். கிளியரிங்ஹவுஸ் என்ற மத்தியப் பதிவேட்டில் வேலைக்கு முன் ஒரு முழுத் தேடல், பிறகு வருடம் ஒரு முறை தேடல். 2020 ஜனவரி 6-ல் ஆரம்பித்த பதிவேடு அது. குலுக்கலில் பெயர் எடுத்து நடத்தும் ரேண்டம் டெஸ்டின் விகிதம் போதைக்கு வருடம் 50 சதவீதம், மதுவுக்கு 10. மூன்று பேரை வைத்து நீங்களே குலுக்கல் நடத்துவது வீண் வேலை. பல சிறு கம்பெனிகளைச் சேர்த்து நடத்தும் கன்சார்ட்டியத்தில் பணம் கட்டிச் சேர்ந்துவிடுங்கள். உங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஆட்களை மட்டும் அந்தக் குலுக்கலில் கலக்கக் கூடாது. டிஓடி ஆட்கள் தனி, மற்றவர்கள் தனி.

மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வம் ஆகிவிட்டது, டாக்டர் மருத்துவக் கஞ்சாவுக்குக் கார்டு கொடுத்திருக்கிறார், கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த வெறும் சிபிடி எண்ணெய்தான் தடவினேன் என்ற பேச்செல்லாம் டிஓடி டெஸ்டில் எடுபடாது. பாசிட்டிவ் என்றால் உடனே வண்டியிலிருந்து இறக்க வேண்டும். சிகிச்சை நிபுணரைப் பார்த்து முடித்து மறுடெஸ்ட் தேறும்வரை அவர் ஓட்ட முடியாது. 2024 நவம்பரிலிருந்து, பதிவேட்டில் இப்படித் தடைபட்டு நிற்பவரின் சிடிஎல்லையே மாநிலம் சாதாரண உரிமமாக இறக்கிவிடுகிறது.

இந்த டெஸ்டுக்கு உங்கள் கிட் செல்லவே செல்லாது. மையத்தில் பையையும் ஜாக்கெட்டையும் வெளியே வைக்கச் சொல்வார்கள். டாய்லெட் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருக்கும், அங்கிருந்து மோந்து கப்பில் ஊற்றிவிடக் கூடாதே! குறைந்தது 45 மில்லி வேண்டும். கப்பில் ஒட்டிய வெப்பப் பட்டை நான்கு நிமிடத்துக்குள் 32-லிருந்து 38 டிகிரி செல்சியஸுக்குள் காட்ட வேண்டும். ஓட்டுநர் கண் முன்னாலேயே இரண்டு பாட்டிலில் பிரித்து, சீல் ஒட்டி, கையெழுத்து வாங்குவார்கள். ஒன்று பாசிட்டிவ் ஆனால் 72 மணி நேரத்துக்குள் இரண்டாவதை வேறு லேபில் பார்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. லேப் முடிவும் நேரே உங்களிடம் வராது. எம்ஆர்ஓ என்ற டாக்டர் ஓட்டுநருடன் பேசி, மருந்துச்சீட்டு இருந்தால் சரிபார்த்து, அதன் பிறகே உங்களுக்குச் சொல்வார். மற்ற ஊழியர்களுக்கு மத்தியப் படிவத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றாலும், இதே லேப், இதே எம்ஆர்ஓ வழியில்தான் போகச் சொல்வேன். பாத்ரூம் வாசலில் நீங்களே கிட்டோடு நிற்பது உங்களுக்கும் நல்லதல்ல, அவருக்கும் நல்லதல்ல.

இப்போது எடிசன் ஃபோர்க்லிஃப்ட் ஆட்களுக்கு வருகிறேன். சிறுநீர் டெஸ்ட் கண்டுபிடிப்பது கஞ்சாவை உடம்பு உடைத்த பிறகு மிஞ்சும் கழிவை. போதை இறங்கிப் பல நாள் ஆன பின்னும் அது இருக்கும். தினம் புகைப்பவருக்கு வாரக்கணக்கில்கூட. போன சனிக்கிழமை வீட்டில் புகைத்தாரா, இன்று காலை கிடங்கின் பின்னால் புகைத்தாரா என்று அந்தக் கப் சொல்லாது. 2021 பிப்ரவரியில் வந்த நியூ ஜெர்சி சட்டம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. டெஸ்ட் எடுக்கத் தடையில்லை. ஆனால் கஞ்சாக் கழிவு பாசிட்டிவ் என்ற ஒன்றை மட்டும் வைத்து வேலையை விட்டு நீக்கவோ வேலை மறுக்கவோ முடியாது. வேலை நேரத்தில் தடுமாறினார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். அதற்கான மாதிரிப் படிவத்தை மாநிலக் கஞ்சா ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்டது. இறக்கி அச்செடுத்து, பயிற்சி கொடுத்த ஒரு சூபர்வைசரிடம் கொடுத்து வையுங்கள்.

எழுதுவது எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு கிடங்கில் 'ஆள் ஒரு மாதிரி இருந்தான்' என்று ஒரே வரி எழுதி வைத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு எந்த வக்கீல் முன்னால் போய் நிற்பது? 'காலை 10.40, மூன்றாவது வரிசை. ஃபோர்க்கை இரண்டு முறை தவறான பேலட்டில் நுழைத்தார். கண் சிவந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூன்றாவது தடவைதான் திரும்பினார். இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.' இப்படி எழுதினால்தான் பிறகு வரும் பாசிட்டிவுக்கு அர்த்தம் உண்டு. கோகைன் போன்றவற்றுக்கு இந்த நியூ ஜெர்சி பாதுகாப்பு கிடையாது.

இந்தச் சட்டத்தின்கீழ் தனிநபர் நேரடியாக வழக்குப் போட வழியில்லை என்று 2024 டிசம்பரில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதைக் கேட்டுத் தைரியம் வந்துவிட வேண்டாம். மருத்துவக் கஞ்சா அட்டை வைத்திருப்பவர் மாநிலத்தின் பாகுபாடு தடைச் சட்டத்தின் வழியாக வரலாம். டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் எழுத்தில் தெரிவித்து, விளக்கம் கொடுக்க அவருக்கு மூன்று வேலை நாள் தர வேண்டும்.

போன மாத இடிக்கு இப்போது டெஸ்ட் எடுத்துப் பயனில்லை, அதை விட்டுவிடுங்கள். இனி விபத்து என்றால் காரணமாக இருந்திருக்கக்கூடிய எல்லோரையும் பாருங்கள். அடிபட்டதாகப் புகார் சொன்னவரை மட்டும் அனுப்பினால், பழிவாங்கியதாகத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை கேட்கும். காரணமில்லாத ரேண்டம் டெஸ்டோ, பாதுகாப்புக்கு நேரடித் தொடர்புள்ள வேலைகளோடு நிற்கட்டும். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1992-லேயே போட்ட கோடு அது. ஃபோர்க்லிஃப்டுக்கு அந்த வாதம் நிற்கும். பில் போடும் அலுவலகப் பெண்ணுக்கு நிற்காது.

குயீன்ஸ் சேல்ஸ்மேனுக்குக் கஞ்சா டெஸ்டே எடுக்கக் கூடாது. மத்திய, மாநில விதி எதுவும் கட்டாயப்படுத்தாத வேலையில் நியூயார்க் அதை அனுமதிப்பதில்லை. கஞ்சா வாசனை அடிக்கிறது என்பதுகூட அங்கே போதுமான காரணமில்லை. டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டுமென்றால் கஞ்சா சேர்க்காத பேனல் (பரிசோதிக்கும் போதைப்பொருள் பட்டியல்) வேண்டும் என்று லேபிடம் கேளுங்கள். ஃபிலடெல்ஃபியாவில் நகரச் சட்டம் தனி: 2022 ஜனவரி முதல், புதிதாக எடுப்பவருக்கு வேலைக்கு முன் கஞ்சா டெஸ்ட் கூடாது. சிடிஎல் வேலை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. பென்சில்வேனியாவில் கஞ்சா இன்னும் பொதுவில் சட்டபூர்வம் இல்லை. ஆனால் மருத்துவ அட்டை வைத்திருக்கிறார் என்பதற்காக மட்டும் யாரையும் நீக்க முடியாது.

அந்தப் புது ஆளை எடுத்தால் நீங்கள் 15 பேர். மத்திய ஊனமுற்றோர் சட்டம் அந்த எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. 'என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்' என்று எல்லோரிடமும் படிவம் வாங்குவது அதில் மாட்டும். அந்தக் கேள்வியை எம்ஆர்ஓ கேட்கட்டும். அப்புறம் நம் வீட்டு விஷயம் ஒன்று: கசகசா. குருமாவில் அரைத்து ஊற்றிச் சாப்பிட்டவருக்கும் மார்ஃபின் காட்டலாம். 1998-ல் மத்திய அரசு, பாசிட்டிவ் என்று சொல்லும் வரம்பை ஒரு மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-க்கு உயர்த்தியதே இந்தக் கசகசாவால்தான். கடையில் விற்கும் கிட்டுகள் சில இன்னும் 300-லேயே பாசிட்டிவ் காட்டுகின்றன. உங்கள் பெட்டியின் ஓரத்தில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இன்சூரன்ஸ் ஏஜென்டிடம், டெஸ்ட் எடுத்தால் எந்த மாநிலத் திட்டத்தில் பிரீமியத்துக்கு எவ்வளவு தள்ளுபடி என்று எழுத்தில் கேளுங்கள். ஃபுளோரிடா போன்ற இடங்களில் தொழிலாளர் இழப்பீட்டுப் பிரீமியத்தில் தள்ளுபடி சட்டத்திலேயே இருக்கிறது. அங்கேயும் புதிதாகத் தொடங்குபவர் ஊழியர்களுக்கு 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். உங்கள் போதைப் பரிசோதனைப் பாலிசியை நியூ ஜெர்சி தொழிலாளர் சட்ட வக்கீல் ஒருவர் ஒரு தடவை படிக்கட்டும். குயீன்ஸுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் தனித்தனி இணைப்புப் பக்கம் போடச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை செய்ய வேண்டியது இரண்டே போன்கால்: கன்சார்ட்டியத்துக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று. கிட் வாங்கிய ரசீது இருக்கிறதா? பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பப் பாருங்கள்.