கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 39. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். 2007-ல் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தேன். கலிஃபோர்னியாவுக்கு வந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன, கிரீன் கார்டும் கிடைத்துவிட்டது. இங்கே பக்கத்தில் உள்ள சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசை. டீஸ் நுழைவுத் தேர்வுக்கு எந்தப் புத்தகம் நல்லது? என் பழைய பட்டம் உதவுமா? இந்த வயதில் என்னால் முடியுமா? ஆங்கிலம் படித்தால் புரிகிறது, பேசத்தான் கூச்சம். அதனால் கல்லூரிக்குப் போகும் மின்னஞ்சல்களை எல்லாம் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளே பார்த்துக்கொள்கிறாள். கணக்கின் கடவுச்சொல்கூட அவளுக்குத்தான் தெரியும். விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய வாழ்க்கை அனுபவக் குறிப்பையும் அவளே எழுதித் தந்துவிட்டாள். கணவர் வேலை முடிந்து அலுத்து வருவதால் அவரைத் தொந்தரவு செய்வதில்லை.
(வாசகி, கலிஃபோர்னியா. கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

சகோதரி, வயதைப் பற்றிய கேள்வி எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. அதற்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். மில்ட்ரெட் மான்டாக் என்ற நர்சிங் பேராசிரியை 1952-ல் இந்த இரண்டாண்டுப் படிப்பை அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கினார். மருத்துவமனைகள் நடத்திய நர்சிங் பள்ளிகள் பலவற்றில் மணமான பெண்ணுக்கு இடமே கிடையாது என்றிருந்த காலம் அது. குடும்பமும் குழந்தையும் உள்ள பெண்கள் இந்தக் கல்லூரிகளைத் தேடித்தான் வந்தார்கள். உங்களுக்கு முன்னால் எழுபது வருட வரிசை நிற்கிறது. வயதை இதோடு விடுங்கள்.

எனக்கு உறுத்துவது உங்கள் மகளைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரிகள். கணவர் அலுத்து வருகிறார், ஆகவே அவரைத் தொந்தரவு செய்வதில்லை என்கிறீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பதிமூன்று வயதுப் பெண் அலுக்காமலா வருகிறாள்? அவள் எழுதிய வாழ்க்கை அனுபவக் குறிப்பில் இருப்பது யாருடைய வாழ்க்கை? கடல் தாண்டி வந்ததும், முதல் குளிர்காலத்தைத் தனியாகக் கழித்ததும், படித்த படிப்பு பெட்டிக்குள் கிடந்ததும் நீங்கள் பட்ட பாடு. அதை அந்தக் குழந்தை ஊகித்து எழுதியிருக்கிறது. அப்படி ஊகிக்க அவள் என்னவெல்லாம் மனதில் சுமந்திருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தீர்களா?

பிள்ளைகள் வீட்டு வேலை செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பாத்திரம் கழுவட்டும், துணி மடிக்கட்டும், பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கட்டும். ஆனால் பெற்றவர்களுக்காக அலுவலகத்தில் போய் நிற்பது பிள்ளையின் வேலை இல்லை. அம்மாவுக்கு இடம் கிடைக்காமல் போனால் தான் எழுதிய எழுத்துதான் காரணம் என்று அவள் நினைத்துக்கொள்வாள். வெளியே சொல்லவும் மாட்டாள்.

நீங்கள் உள்ளே நுழைய ஆசைப்படும் மருத்துவமனைகளில் 2016-லிருந்து ஒரு மத்திய அரசு விதி இருக்கிறது. நோயாளிக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்றால், உடனடி ஆபத்துள்ள அவசரமும் வேறு வழியில்லாத நிலையும் தவிர, சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைத்தான் அழைக்க வேண்டும். காரணம் எளிது. தாயின் நோயைத் தன் வாயால் சொல்ல நேரும் பிள்ளை சொற்களை விழுங்கிவிடும், கெட்ட செய்தியை மறைத்துவிடும். விழுங்க முடியாததை ஆயுளுக்கும் வைத்திருக்கும். நாளை நர்ஸாக நீங்கள் கட்டிக்காக்க வேண்டிய விதி இது. இன்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது தினமும் மீறப்படுகிறது.

இதை நான் மேடையிலிருந்து சொல்லவில்லை. நான் ஊரில் பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு அமெரிக்க வார்டுக்கு வந்தவள். ஊசி போடக் கை நடுங்கியதில்லை, தொலைபேசியை எடுக்க நடுங்கியது. முதல் இரண்டு மாதம் மருத்துவரிடம் பேச வேண்டியதை எல்லாம் கூட வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணைப் பேச வைத்தேன். ஒரு நாள் அவர் மறுத்துவிட்டார். "நோயாளி உன்னுடையவர். நீதான் பேச வேண்டும்" என்றார். விடியற்காலை மூன்று மணி. எண்பது வயது மூதாட்டி, ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கிறது. மருத்துவர் தூக்கக் குரலில் இன்சுலின் அளவைச் சொன்னார். என் காதில் "ஃபிஃப்டி" என்று விழுந்தது. தாளில் 50 என்று எழுதினேன். கேட்டதைத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும், எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. "ஃபைவ், ஸீரோ" என்றேன். மறுமுனையில் தூக்கம் போய்விட்டது. "ஒன், ஃபைவ்! ஒன், ஃபைவ்!" பதினைந்து யூனிட். அந்த 50-ஐ அடித்துவிட்டு 15 என்று எழுதிய தாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என்னைத் திருத்தியது என் வாயிலிருந்து வந்த இரண்டு சொற்கள். அந்த இடத்தில் உங்களுக்காக யார் பேசுவார்கள்? உங்கள் மகளா?

ஆகவே உங்கள் தயாரிப்பு டீஸ் புத்தகத்தில் தொடங்கவில்லை, தொலைபேசியில் தொடங்குகிறது. இந்த வாரமே கல்லூரியின் ஆலோசகரை நீங்களே அழைத்து நேரம் வாங்குங்கள். அழைப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இப்போதைய நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு வேண்டியது. நர்ஸ்கள் மருத்துவரை அழைக்கும்போது பேசுகிற முறை இதுதான். இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்பார் என்று சொல்வார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது. படிப்பில் சேர்ந்ததும் எப்படியும் சொல்லித்தருவார்கள், இப்போதே பழகுங்கள். எதிரே இருப்பவர் சொல்வது புரியவில்லை என்றால் "மறுபடி சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற நர்ஸ் நல்ல நர்ஸ். புரியாமல் தலையாட்டுகிறவரிடம்தான் எனக்குப் பயம்.

அதே கல்லூரியிலோ பக்கத்துக் கல்லூரியிலோ ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடக்கும். கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில், பட்டத்துக்குக் கணக்கில் சேராத, கிரெடிட் இல்லாத வகுப்புகளுக்குக் கட்டணம் கிடையாது. நேரம் இருந்தால் நர்ஸ் உதவியாளர் பயிற்சியும் எடுங்கள். அங்கே 160 மணி நேரம், அதில் 100 மணி நேரம் நோயாளிகளின் பக்கத்திலேயே. முதியவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தால் கூச்சம் தானாகக் கழன்றுவிடும். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

பட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சான்றிதழ்களை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிப் பாருங்கள், பொதுப் பாடங்களில் சில தேறலாம். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகிய மூன்றையும் ஆய்வகத்தோடு மறுபடி படிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். அறிவியல் பாடங்கள் சில வருடங்களுக்கு மேல் பழையதாக இருந்தால் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. உங்களுடையது 2007. மாநிலத்தில் குடியிருப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகுக்கு, 46 டாலர்தான் கட்டணம். அந்தப் பாடங்களில் வாங்கும் மதிப்பெண்ணையும் பல கல்லூரிகள் இடம் தரும்போது பார்க்கின்றன என்பதால், மறுபடி படிப்பதை வீண் என்று எண்ண வேண்டாம்.

டீஸ் தேர்வில் 209 நிமிடங்களில் 170 கேள்விகள். வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்று நான்கு பகுதிகள். தேர்வை நடத்தும் ஏடிஐ நிறுவனத்தின் வழிகாட்டிப் புத்தகம் ஒன்றும் அவர்களின் மாதிரித் தேர்வுகளும் போதும். புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு படிப்பதாக நினைக்காதீர்கள்.

ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. இடத்தைவிட விண்ணப்பங்கள் கூடுதலாக வரும்போது பல அடிப்படைகளில் புள்ளி கொடுத்துத் தேர்ந்தெடுக்க கலிஃபோர்னியாவின் கல்விச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆங்கிலம் அல்லாத மொழித் தேர்ச்சி அவற்றில் ஒன்று. இந்தியத் துணைக்கண்டத்து மொழிகள் என்று அதில் எழுதியே இருக்கிறது. வாழ்க்கை அனுபவங்களுக்கும் புள்ளி உண்டு. உங்கள் கல்லூரி புள்ளி முறையில் எடுக்கிறதா, குலுக்கல் முறையிலா, தமிழுக்குப் புள்ளி தருகிறதா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். தமிழில் பேசத் தெரிந்த நர்ஸ் அங்கே ஒரு தமிழ்ப் பாட்டியின் படுக்கையருகில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாழ்க்கை அனுபவக் குறிப்பை நீங்களே எழுதுங்கள். முதலில் தமிழில் எழுதி, பிறகு உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். இலக்கணப் பிழையைக் கல்லூரியின் எழுத்துப் பயிற்சி மையத்தில் காட்டித் திருத்தலாம். மகள் எழுதியதைக் கிழித்துவிட வேண்டாம். பத்திரமாக எடுத்து வையுங்கள், ஆனால் அனுப்பாதீர்கள்.

தடுப்பூசிச் சான்றுகளை இப்போதே திரட்டுங்கள். ஹெப்படைட்டிஸ் பி மூன்று தவணையாகப் போட்டால் ஆறு மாதம் பிடிக்கும். நம் ஊரில் பிசிஜி போட்ட தழும்பு தோளில் இருக்குமே, அதனால் தோலில் செய்யும் காசநோய்ப் பரிசோதனை தவறாகக் காட்டக்கூடும். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

இனி உங்கள் கணவர். மருத்துவமனைப் பயிற்சி நாட்களில் காலை ஆறரை, ஆறே முக்காலுக்கெல்லாம் நீங்கள் வார்டில் நிற்க வேண்டியிருக்கும். மகளை எழுப்பி, சாப்பிட வைத்து, பள்ளிக்கு அனுப்புவது அவர் வேலையாகிவிடும். இரண்டு வருடம். அதை அவர் இன்றைக்கே தெரிந்துகொள்ளட்டும். அலுப்பைக் காரணம் காட்டி அவரை ஒதுக்கி வைத்தால், சேர்ந்த முதல் மாதத்திலேயே வீட்டில் சண்டை வரும், அதிலும் நடுவில் நிற்கப்போவது அந்தக் குழந்தைதான். இன்று இரவு அவர் சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்து பேசுங்கள். கல்லூரிக் காகிதங்களை அவர் முன்னால் வையுங்கள். கட்டியவர் தூக்க வேண்டிய பாரம் இது. அவர் மறுத்தால் எனக்கு எழுதுங்கள், அவருக்குத் தனியாகப் பதில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். எப்படி மாற்றுவது என்று மகளிடம் ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம். புதியதை அவளிடம் சொல்லாதீர்கள்.