மகள் காலநிலை ஆராய்ச்சிக்கு அமெரிக்கா போகலாமா? ஓர் அப்பாவின் கேள்விக்குப் பதில்

வணக்கம் சார். உங்கள் பயம் வீண் பயம் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம், வளிமண்டல அறிவியலில் ஆராய்ச்சி செய்ய அமெரிக்கா போயே தீருவேன் என்கிறார், நீங்களோ அங்கே விஞ்ஞானிகளை வீட்டுக்கு அனுப்பும் செய்திகளைப் பார்த்துவிட்டு "பேசாமல் டேட்டா சயின்ஸ் எடுக்கச் சொல்லட்டுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அப்படிச் சொல்லாதீர்கள். படிப்பை மாற்றத் தேவையில்லை. போகிற வழியைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும்.

நீங்கள் படித்த செய்திகள் உண்மைதான். 2025 பிப்ரவரியில் நோவா என்கிற அமெரிக்க வானிலை-கடல் ஆய்வு அமைப்பிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை ஒரே வீச்சில் நீக்கினார்கள். ஏப்ரலில் தேசியக் காலநிலை மதிப்பீட்டு அறிக்கையை எழுதிக்கொண்டிருந்த ஏறக்குறைய 400 பேரிடம் உங்கள் பணி முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அந்த அறிக்கை 1990-லேயே சட்டம் போட்டுக் கட்டாயமாக்கப்பட்ட ஒன்று, அதை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல் செய்கிறவர்கள். அதே ஆண்டு மே மாதத்துக்குள் நியூயார்க்கில் நாசாவின் கோடார்டு விண்வெளி ஆய்வு நிறுவனமும் பல பத்தாண்டுகளாக இருந்த கட்டடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தது, குத்தகையை ரத்து செய்துவிட்டார்கள்.

ஆனால் இந்த அரசியல் தலையீடு நேற்று முளைத்த விஷயம் இல்லை. அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹேன்சன், பூமி சூடாகிறது என்று 1988-ல் அமெரிக்க செனட்டில் சாட்சி சொன்னவர். அடுத்த வருஷமே அவருடைய சாட்சியத்தின் வாசகத்தை வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் மாற்றியது, அவரும் அதை வெளிப்படையாகவே சொன்னார். இதைவிட எனக்கு மனதில் ஒட்டிக்கொண்ட உதாரணம் பிலிப் கூனி. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆட்சியில் வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் குழுவில் முக்கிய அதிகாரி, அதற்கு முன் எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கத்தில் இருந்தவர், படித்தது பொருளாதாரமும் சட்டமும். 2002, 2003-ல் அரசின் காலநிலை அறிக்கைகள் அச்சுக்குப் போகும் முன் அவர் மேசைக்கு வந்தன. மலைப் பனியாறுகள் சுருங்குவது பற்றிய பத்தியை அடித்துவிட்டு, இது ஊகம் என்கிற மாதிரி ஓரத்தில் குறிப்பு எழுதினார். விஞ்ஞானிகள் 'நிச்சயமின்மைகள்' என்று மட்டும் எழுதியிருந்த இடத்தில் முன்னால் 'குறிப்பிடத்தக்க, அடிப்படையான' என்று சேர்த்தார். அந்த இரண்டு சொல் போதும், படிக்கிறவருக்கு மொத்தமும் சந்தேகமாகத் தெரியும். 2005-ல் ரிக் பில்ட்ஸ் என்கிற அரசு ஊழியர் வேலையை விட்டுவிட்டு இதை வெளியே கொண்டுவந்தார். கூனி ராஜினாமா செய்தார், உடனே எக்ஸான்மொபில் எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்தார்.

கனடா போகலாமே என்று உங்கள் ஸ்கார்பரோ மச்சினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனைதான், ஆனால் அங்கும் ஸ்டீபன் ஹார்ப்பர் ஆட்சியில் அரசு விஞ்ஞானிகள் நிருபர்களிடம் வாய் திறக்கவே மேலிட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2010-ல் ஒரு புவியியலாளர் 13,000 ஆண்டுகளுக்கு முன் வடகனடாவில் வந்த வெள்ளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டு, அதைப் பற்றிப் பேச அமைச்சர் அலுவலகத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்தார். 13,000 வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்துக்கு! 2012 ஜூலையில் விஞ்ஞானிகள் வெள்ளை ஆய்வக அங்கியோடு ஆட்டவாவில் நாடாளுமன்றம் வரை ஊர்வலம் போனார்கள். 2015-ல் ஆட்சி மாறியதும் தடை விலகியது, அப்புறம் அவர்களின் தொழிற்சங்கம் பேசும் உரிமையை ஊதிய ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டது. அடுத்து வரும் அரசும் லேசில் பிடுங்க முடியாத இடத்தில் உரிமையை வைத்த இந்தக் காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இப்போது உங்கள் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். "அரசியலில் மாட்டிக்கொள்வாளோ" என்று கேட்டீர்கள். மாட்டிக்கொண்டவர்கள் யார் என்று பாருங்கள். ஹேன்சன், இன்னொரு காலநிலை விஞ்ஞானியான மைக்கேல் மான் மாதிரி பெயர் தெரிந்தவர்கள். மானின் பழைய மின்னஞ்சல்களைக் கேட்டு 2010-ல் வர்ஜீனியா மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரே அவர் முன்பு வேலை பார்த்த பல்கலைக்கழகத்துக்கு நோட்டீஸ் விட்டார், 2012-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. முதல் வருஷ ஆராய்ச்சி மாணவியை யாரும் இப்படித் துரத்த மாட்டார்கள். அரசு வேலை போய்விடும் என்ற கவலையும் வேண்டாம், நாசாவிலும் நோவாவிலும் நிரந்தரப் பணிக்குப் பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், அந்த வேலை அவருக்கு முதலிலேயே கிடைக்காது. அவரை இந்தத் தலையீடு தொடுகிற இடம் வேறு: பணம். பேராசிரியரின் நிதி நின்றால் அந்த நிதியில் சம்பளம் வாங்கும் மாணவியின் இடம் ஆட்டம் காணும். நோவாவில் நீக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி புதிதாகச் சேர்ந்து தகுதிகாண் காலத்தில் இருந்தவர்கள்தான், ஏனென்றால் அவர்களை நீக்குவது சுலபம். எப்போதும் அடி கீழ்ப்படியில் இருப்பவருக்குத்தான் முதலில் விழுகிறது.

அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வங்கிக் கடன் வாங்கி, சொந்தச் செலவில் அங்கே முதுகலை படிக்க அனுப்பாதீர்கள். இந்தத் துறையில், இந்த நேரத்தில், கூடவே கூடாது. கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் தரும் முனைவர் பட்ட இடம் கிடைத்தால் மட்டும் போகட்டும். அப்படி இடம் வந்தாலும் சேரும் முன் மகள் பேராசிரியருக்கு எழுதிக் கேட்க வேண்டும். என் உதவித்தொகை எந்த நிதியிலிருந்து வருகிறது, அரசின் ஆய்வு நிதியா, பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணமா? எத்தனை வருஷத்துக்கு எழுத்தில் உறுதி தருவீர்கள்? நடுவில் நிதி நின்றால் பாடம் நடத்தும் உதவியாளராக மாற்றிக்கொள்ள துறை ஒப்புக்கொள்ளுமா? இதைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம், அங்கே சாதாரணமாகக் கேட்கிற கேள்விகள்தான் இவை, நல்ல பேராசிரியர் நேராகப் பதில் சொல்வார். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்கிற தொனியில் பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

ஜெர்மனியையும் பட்டியலில் சேருங்கள். அங்கே முனைவர் பட்ட ஆய்வு பல இடங்களில் ஒப்பந்தம் போட்ட வேலையாகவே தரப்படுகிறது, ஹாம்பர்கில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனம் காலநிலை மாதிரிகளுக்கு, அதாவது காலநிலையைக் கணினியில் கணக்கிடும் நிரல்களுக்கு, பேர்போன இடம். நம் நாட்டில் பெங்களூரு ஐஐஎஸ்சியின் வளிமண்டல-கடல் அறிவியல் மையம், புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் இரண்டும் பருவமழை ஆய்வில் உலகம் மதிப்பவை. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் புவி-வளிமண்டல-கடல் அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது, அதில் ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். இயற்பியல் படித்தவருக்கு இது எட்டாத உயரம் இல்லை. இங்கே மட்டும் எல்லாம் சுதந்திரம் என்று சொல்ல மாட்டேன், அரசு நிறுவனத்தில் இருப்பவர் பத்திரிகையிடம் பேசுவதற்கு நடத்தை விதிகள் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

வேலையைப் பற்றியும் கேட்டீர்கள். காலநிலை மாதிரிகளில் வேலை செய்தவருக்கு நிரல் எழுதவும் பெரிய தரவுகளைக் கையாளவும் தெரியாமல் இருக்க முடியாது. பயிர்க் காப்பீடு, காற்றாலை மின்சாரக் கணிப்பு என்று அதைக் கேட்டு வாங்கும் இடங்கள் இருக்கின்றன. நீங்கள் டேட்டா சயின்ஸில் எதிர்பார்ப்பது இதற்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று, பிரேசிலின் ரிக்கார்டோ கால்வாவ் பற்றி மகளிடம் சொல்லுங்கள், அவரும் இயற்பியலாளர்தான். அமேசான் காடழிப்பைச் செயற்கைக்கோளால் கணக்கிடும் நிறுவனத்தின் தலைவராக இருந்தார், கணக்கு பொய் என்று அதிபர் பொல்சனாரோ சொன்னபோது கணக்கு சரிதான் என்று வெளிப்படையாக நின்றார், 2019 ஆகஸ்டில் பதவி போனது. 2023-ல் அடுத்த அரசு அவரை நாட்டின் அறிவியல் ஆய்வு நிதிக் கழகத்துக்கே தலைவராக்கியது. எல்லாருக்கும் இப்படித் திரும்பக் கிடைப்பதில்லை, ஆனால் கிடைக்கிறது.

இந்த வாரமே மகளை, தான் சேர விரும்பும் பேராசிரியருக்கு எழுதச் சொல்லுங்கள், நெட் விண்ணப்பத்தையும் அதோடு சேர்த்துப் போடட்டும். பதில் வந்ததும் அப்படியே எனக்கு அனுப்புங்கள், நிதி எங்கிருந்து வருகிறது என்று சேர்ந்து பார்ப்போம். அதுவரை வங்கியில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.