பிடுங்கிப் போட்ட உண்ணி ஏன் சாகவில்லை?

கேள்வி: கறவைப் பசுவின் மடியிலும் காதிலும் உண்ணி. பருத்ததைப் பிடுங்கிக் கொட்டகை ஓரம் வீசினேன். இரையில்லாமல் செத்துவிடும் என்றார்கள். ஒரு வாரம் ஆகியும் கால் அசைகிறது. குடித்த ரத்தம் அதற்குச் செரிக்கவே இல்லையா? வீடு தேடி வந்து ஊசி போடுகிறவர், ‘ஒரே ஊசியில் எல்லாம் உதிர்ந்துவிடும்’ என்கிறார். போடலாமா?
(ஈரோடு மாவட்ட வாசகர்)

பதில்: அந்த ஊசியைப் போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் வீசிய உண்ணி பட்டினி கிடக்கவில்லை. அதற்கு இனி ஆயுளுக்கும் இரை வேண்டாம். கொசு, குடித்த ரத்தத்தை இரண்டு மூன்று நாளில் குடலுக்குள்ளேயே கரைத்து முடித்துவிடும். உண்ணியின் குடலில் சிவப்பணுக்கள் உடைவதோடு சரி. அவற்றிலிருந்து வரும் ஹீமோகுளோபினைக் குடல் சுவரின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து, தங்களுக்குள் இருக்கும் அமிலப் பைகளில் வைத்துச் செரிக்கின்றன. அதனால்தான் இத்தனை நாள். அந்தச் சத்தில் பெரும்பங்கு முட்டைக்குத்தான் போகிறது. நம் மாடுகளில் அதிகம் ஒட்டும் மாட்டுண்ணி இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை இட்டுவிட்டுத்தான் சாகும். கொட்டகை ஓரத்தில் அதைத்தான் வீசியிருக்கிறீர்கள். இனிமேல் மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போடுங்கள்.

இன்னொன்று. ரத்தத்தில் இருக்கும் தண்ணீர் உண்ணிக்குத் தேவையில்லை. அதை எச்சிலாக மாட்டுக்குள்ளேயே திருப்பித் துப்பிவிடும். காய்ச்சல் கிருமி மாட்டுக்குள் போவதும் அந்த எச்சில் வழியாகத்தான்.

உண்ணியின் குடல் குழிக்குள் செரிமானம் நடக்காததால், ரத்தத்தோடு போகும் மாட்டின் எதிர்ப்புப் புரதங்கள் அங்கே அழியாமல் இருக்கும். இதை வைத்தே, உண்ணியின் குடல் செல்லைத் தாக்கும் தடுப்பூசியை ஆஸ்திரேலியாவும் கியூபாவும் 1990-களிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டன. நம் கால்நடை மருந்தகங்களில் நான் அதைக் கண்டதில்லை. ஒரு டாக்டருக்கு இத்தனை ஊர் என்று ஒதுக்கிவிட்டு, அவரையும் முகாமுக்கு அனுப்பிவிட்டால், விவசாயி பைக்கில் பையோடு வருகிறவரிடம்தான் போவார். இது விவசாயியின் தவறே அல்ல.

அந்தப் பையில் இருப்பது பெரும்பாலும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணிக்கொல்லி ஊசி மருந்து. அது பாலில் இறங்கும். மனிதர் குடிக்கும் பாலைக் கறக்கும் மாட்டுக்குப் போடக் கூடாது என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கும். வந்தவர் அதைப் படித்துக் காட்ட மாட்டார். காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார், பால் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் சொசைட்டிக்கும் போகும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை மாட்டின் மேல் தெளிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அது மாட்டையே கொன்றுவிடும். டாக்டர் எழுதித் தரும் தெளிப்பு மருந்தை, அவர் சொன்ன அளவில் கலந்து, கன்று உட்பட எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் அடியுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி அடிக்க வேண்டும், கொட்டகையில் கிடக்கும் முட்டைகள் பொரியும் என்பதால். அளவைக் குறைத்து அடித்தால் மருந்துக்கு அடங்காத உண்ணிதான் மிஞ்சும்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் பாருங்கள். மாட்டுண்ணி குஞ்சிலிருந்து பருப்பது வரை ஒரே மாட்டின் மேல் மூன்று வாரம் இருக்கும். காலில் வெள்ளை வளையம் வளையமாக இருக்கும் ஹயலோமா உண்ணி அப்படியில்லை. குடித்துவிட்டுக் கீழே இறங்கும், சுவர் வெடிப்புக்குள் போய்த் தோலுரிக்கும், அடுத்த இரைக்கு மறுபடி மாடு தேடும். மாட்டின் மேல் எவ்வளவு அடித்தாலும் சுவரில் இருப்பது சாகாது. கலப்பின மாடுகளைச் சாய்க்கும் தைலேரியா காய்ச்சலைப் பரப்புவது இதுதான். எனவே உண்ணியின் காலைப் பாருங்கள். வளையம் இருந்தால் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள், சுண்ணாம்பு அடியுங்கள், மருந்தைச் சுவருக்கும் தெளியுங்கள்.

மாடு காய்ச்சலில் இரை எடுக்காமல் நின்றால், தோள்பட்டைக்கு முன்னால் கட்டி வீங்கினால், சிறுநீர் காபி நிறத்தில் போனால், யாரையும் கேட்டுக்கொண்டிராமல் அன்றைக்கே கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962-க்கு அழையுங்கள்.