'முன்னணி நிறுவனம்' என்றால் யார் நம்புவார்?

கேள்வி: ஏசி பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். இணையதளத்துக்கு ஆட்கள் வருகிறார்கள்; போன் மட்டும் வருவதில்லை. 'தரமான, நம்பகமான சேவையை வழங்கிவரும் முன்னணி நிறுவனம்' என்று முகப்பில் எழுதியிருக்கிறேன். எங்கே கோளாறு?

பதில்: அந்த வரியிலேயேதான். உங்கள் பெயரை எடுத்துவிட்டுப் போட்டியாளரின் பெயரைப் போட்டாலும் அது அப்படியே பொருந்தும். அப்படி எல்லோருக்கும் பொருந்துகிற வாக்கியம் உங்களுக்காக வேலை செய்யாது. ஏசி ஓடாமல் போய் உங்கள் பக்கத்துக்கு வருகிறவர் தெரிந்துகொள்ள நினைப்பது: எப்போது வருவார்கள், செலவு எவ்வளவு ஆகும், மறுபடி கெட்டால் என்ன செய்வது. பதில் கண்ணில் படாவிட்டால் பக்கத்தை மூடிவிட்டு அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்.

இப்படி மாற்றிப் பாருங்கள்: "ஏசி குளிரவில்லையா? மாலை 4 மணிக்குள் அழைத்தால் இன்றே ஆள் வருவார். செலவைச் சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகே வேலை தொடங்கும். மாற்றிய பாகத்துக்கு 6 மாத உத்தரவாதம். கழற்றிய பாகத்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம்."

கடைசி வரியைக் கவனியுங்கள். பாகத்தை மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லிவிடுவார்களோ என்ற சந்தேகம் பலருக்கு உண்டு, வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்காமலே பதில் சொல்லும் வரிதான் போனை எடுக்க வைக்கும். இத்தகைய வரி உட்கார்ந்து யோசித்தால் கிடைக்காது. போனில் வாடிக்கையாளர்கள் கேட்பதையெல்லாம் இரண்டு வாரத்துக்கு அவர்கள் வார்த்தையிலேயே குறித்துவையுங்கள். அதிகம் வந்த கேள்விக்கான பதில் தலைப்பாகட்டும். 'தண்ணி ஒழுகுது', 'சத்தம் வருது' போன்றவை துணைத்தலைப்புகளாகட்டும். ஒன்று மட்டும் முக்கியம்: 4 மணி என்று எழுதினால், வேலை குவிகிற வெயில் காலத்திலும் அதைக் காப்பாற்ற வேண்டும். முடியாதென்றால் 'மறுநாளுக்குள்' என்றே எழுதுங்கள்.

மிகைச் சொல் ஏன் எடுபடுவதில்லை என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். 1997-இல் இணையதளப் பயன்பாட்டை ஆராய்ந்த ஜான் மோர்க்ஸும் ஜேக்கப் நீல்சனும் ஒரே தளத்தை ஐந்து விதமாக எழுதி வாசகர்களிடம் கொடுத்தார்கள். விளம்பர நடையில் எழுதியதைவிட, பெருமை பேசாமல் எழுதியது, வாசகர் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்த முடிகிறது என்ற அளவீட்டில் 27 சதவீதம் மேலாக இருந்தது. சொற்களைப் பாதியாகக் குறைத்தது 58 சதவீதம் மேல். இந்த இரண்டோடு துணைத்தலைப்பு, பட்டியல் என்று கண் ஓட்டிப் படிக்க வசதியும் செய்தபோது 124 சதவீதம். பெருமைப் பேச்சைப் பார்த்ததும் வாசகர் அதைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் விஷயம் எவ்வளவு என்று தேடவேண்டியிருக்கிறது. அந்தச் சுமையை ஏன் அவர் தலையில் வைக்கவேண்டும்?

கேள்வி: 'இன்னும் 10 நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்று ஓடும் கடிகாரம் வைக்கலாமா?

பதில்: சலுகை உண்மையிலேயே முடிவதாக இருந்தால் வைக்கலாம்; தேதியும் நேரமும் போட்டாலே போதும். பக்கத்தை மறுபடி திறந்ததும் மறுபடி 10 நிமிடத்திலிருந்து ஓடும் கடிகாரம் பொய். அதைக் கண்டுபிடித்தவர் உங்கள் உத்தரவாதத்தையும் நம்பமாட்டார்.

கேள்வி: தமிழில் எழுதும்போது பட்டனிலும் கூகுள் தேடலில் தெரியும் தலைப்பிலும் எழுத்துகள் அடங்குவதில்லை. என்ன செய்வது?

பதில்: தேடல் முடிவில் தலைப்பு வெட்டுப்படுவது அகலத்தைப் பொறுத்தது. தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால், ஆங்கிலத்துக்குச் சொல்லும் 60 எழுத்துக் கணக்கை நம்பாதீர்கள். வேலையின் பெயர் முதலில், நிறுவனத்தின் பெயர் கடைசியில் வரட்டும். வெட்டுப்பட்டாலும் முக்கியமானது தப்பிக்கும். பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' என்று போடாதீர்கள். அது நீளம் மட்டுமல்ல, அழுத்தினால் என்ன கிடைக்கும் என்றும் சொல்வதில்லை. 'விலை கேட்க', 'நேரம் குறிக்க' என்று இரண்டே சொல்லில் முடியுங்கள். கணினியில் சரியாக இருப்பது சிறிய திரையில் இரண்டு வரியாக உடையும். வெளியிடும் முன் போனில் திறந்து பாருங்கள்.

கேள்வி: புதிய வாசகம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வந்தவர்களை மட்டும் எண்ணாமல், அவர்களில் எத்தனை பேர் அழைத்தார்கள் என்று பாருங்கள். தலைப்பு, பட்டன், படம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது. முதலில் தலைப்பை மட்டும் மாற்றுங்கள். சென்ற மாதம் 10 அழைப்பு, இந்த மாதம் 13 என்றால் அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். குறைந்த ஆட்களே வரும் தளத்தில் அந்த எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டாமல், அழைத்தவர்களிடமே 'எதைப் படித்துவிட்டு அழைத்தீர்கள்?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.