பிஐடி கண்ட்ரோலரில் -2.5 பார் காட்டுவது ஏன்?

பிரஷரை அளந்து 4–20 மில்லிஆம்பியர் கரண்டாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டருக்கும், அதைப் பார்த்து பம்பை ஓட்டும் பிஐடி கண்ட்ரோலருக்கும் இடையிலான லூப்பில் (சுற்றில்) கரண்டே ஓடவில்லை. 0–10 பார் டிரான்ஸ்மிட்டருக்கு -2.5 காட்டுகிறது என்கிறீர்களே, அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. 4 மில்லிஆம்பியர் என்றால் 0 பார், 20 என்றால் 10 பார். இந்தக் கணக்கில் 0 மில்லிஆம்பியர் சரியாக -2.5-இல் வந்து நிற்கும்.

டிரான்ஸ்மிட்டரின் இரண்டு ஒயரையும் நேராக கண்ட்ரோலர் இன்புட்டில் மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு ஒயர் டிரான்ஸ்மிட்டர் தானாகக் கரண்ட் தராது. 24 வோல்ட் டிசி சப்ளை தொடரில் வேண்டும். சப்ளை பிளஸ்ஸை டிரான்ஸ்மிட்டர் பிளஸ்ஸுக்கும், டிரான்ஸ்மிட்டர் மைனஸை இன்புட் பிளஸ்ஸுக்கும், இன்புட் மைனஸை சப்ளை மைனஸுக்கும் கொடுங்கள். சில கண்ட்ரோலர்களில் இந்த 24 வோல்ட் டெர்மினல் உள்ளேயே இருக்கும், மேனுவலைப் பாருங்கள்.

அப்புறம் மல்டிமீட்டரை மில்லிஆம்பியரில் வைத்து தொடரில் மாட்டுங்கள். பிரஷர் இல்லாதபோது 4 வர வேண்டும். கண்ட்ரோலர் ரீடிங் ஒரேயடியாக மேலே எகிறினால் இன்புட் கரண்ட் வகை அல்ல, 1–5 வோல்ட் வகை. இன்புட் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே 250 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள்.

24 வோல்ட்டை கரண்ட் இன்புட்டில் நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள், உள்ளே ஷன்ட் (கரண்டை அளக்கும் ரெசிஸ்டர்) கருகிவிடும். ரீடிங் சரியாகும் வரை கண்ட்ரோலர் மேனுவல் மோடிலேயே இருக்கட்டும். ஆட்டோவில் விட்டால் பிரஷர் குறைவு என்று நினைத்து பம்பை முழு வேகத்தில் ஓட்டும்.